தேய்ந்த ரயர் எங்கே போகிறது?



எங்கள் ஊர் ஒழுங்கைகளில் ரயர் உருட்டி விளையாடாத சிறுவன் எவனும் இருந்ததில்லை. கையில் ஒரு சிறு தடி, முன்னே ஓடும் சைக்கிள் ரயர், பின்னே ஓடும் நாங்கள். அந்த ரயர் எங்கிருந்து வந்தது என்று அக்காலத்தில் நாம் ஆராய்ந்ததில்லை. ஓடித் தேய்ந்து, நூல் வெளியே தெரிந்து, சைக்கிள் திருத்துபவரும் இனி முடியாது என்று கைவிட்ட பின்னரே அது சிறுவர் கைக்கு வரும். எங்களிடமிருந்து விடைபெற்ற பின்னும் அதற்கு ஓய்வு கிடைப்பதில்லை. செருப்புத் தைப்பவர் அதில் ஒரு துண்டை அடித்தோலாக்குவார். உள்ளே இருந்த ரியூப்போ கீலங்கீலமாகக் கிழிபட்டு, கரியரில் விறகு கட்டவும் பையன்களின் கெற்றப்போலுக்கும் உதவும். எஞ்சிய துண்டு அடுப்பு மூட்டப் போகும். புகை நாறுகிறதென்று அம்மா ஏசுவார், மழைக்காலமென்றால் ஏசமாட்டார்.

பின்னர் 1990களில், போர் காரணமாக வடபகுதிக்கு எரிபொருளும் மோட்டார் உதிரிப்பாகங்களும் அரிதாகவே வந்து சேர்ந்தன. நாம் அனைவரும் சைக்கிளின் தயவில் வாழ்ந்தோம். ரயர் வெடித்தால், இன்னொரு பழைய ரயரில் ஒரு சாண் துண்டை வெட்டி, உட்புறமாக வைத்து, தடித்த நைலோன் நூலால் தைத்து ஓடினோம். தையல் நிலத்தில் படும்போதெல்லாம் சைக்கிள் ஒரு முறை துள்ளும். அந்தத் துள்ளலோடு நான் பல வருடங்கள் பள்ளிக்கூடம் சென்று இரசாயனம் கற்பித்திருக்கிறேன். அக்காலம் என்னிடம் ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றது. எந்தப் பொருளையும் எறிய மனம் வராது. எல்லாம் ஒரு நாளைக்கு உதவும் என்று எடுத்து வைப்பேன்.

இந்தப் பழக்கத்தை நற்குணமென்றே எண்ணியிருந்தேன். 2017 ஆம் ஆண்டு வரை எண்ணியிருந்தேன்.

அவ்வாண்டு இலங்கையில் டெங்குக் காய்ச்சல் பரவிய விதம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே வருடத்தில் 1,86,000 பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயிற்று. 400 பேருக்கு மேல் உயிரிழந்தனர். எங்கள் வளவுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். என்னிடம் படித்த மாணவர்தாம். முற்றத்தைப் பார்த்தார், பூச்சாடிகளைப் பார்த்தார், திருப்தியோடு தலையசைத்தார். பின்பு கோடிப்புறம் சென்றார். அங்கே மாமரத்தின் கீழ் என்னுடைய சேமிப்பு இருந்தது: பழைய காரிலிருந்து கழற்றிய நான்கு ரயர்களும், உழவு இயந்திரப் பெட்டியின் இரண்டு ரயர்களும். அவர் ஒன்றைச் சரித்து, ஒரு கரண்டியால் நீரை மொண்டு, வெள்ளைத் தட்டில் ஊற்றி என் கையில் தந்தார். நீரில் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. "சேர், இதை எங்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியது நீங்கள்தான்" என்றார்.

அதற்கு முந்திய வாரம் என் பேரன் டெங்குவுடன் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தான். அவனைக் கடித்த நுளம்பு என் மாமரத்தடியில் பிறந்ததா, அயல் வளவில் பிறந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது. சொல்லமுடியாது என்பதே எனக்குப் பெருஞ் சுமையாயிற்று. அதன் பின்னரே, தேய்ந்த ரயர் என்னும் பொருளைப்பற்றி ஒழுங்காக அறிந்துகொள்ள முற்பட்டேன். அறிந்ததிற் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நுளம்பிலிருந்தே தொடங்குவோம். டெங்குவைப் பரப்பும் ஏடிசு நுளம்பு ஆதியில் மரப்பொந்துகளில் தேங்கும் மழைநீரில் முட்டையிட்ட இனம். ரயரோ பொந்துகளிற் சிறந்த பொந்து. நிமிர்த்தி வைத்தாலும் நீர் நிற்கும், படுக்க வைத்தாலும் நிற்கும். உட்புறம் கறுப்பு, வெளிச்சம் குறைவு, வெதுவெதுப்பு மிகுதி. காய்ந்த இலைகள் விழுந்து குடம்பிகளுக்கு உணவும் ஆகின்றன. நுளம்பு தன் முட்டைகளை நீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிடும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் சாகாமற் கிடக்கும். அடுத்த மழையில் நீர் உயர்ந்து அவற்றைத் தொட்டதும் பொரிக்கும். பொரித்து ஏழு முதற் பத்து நாட்களில் நுளம்பு பறந்துவிடும். ஆகவே, ரயரில் நின்ற நீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டேன் என்று நிம்மதி கொள்பவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால் முட்டைகள் அங்கேயே இருக்கும்.

இந்த முட்டைகள் கப்பலேறியும் போயிருக்கின்றன. ஆசியாவுக்குரிய ஏடிசு இனமொன்று 1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரத்தில் பெருகியிருப்பது கண்டறியப்பட்டது. பழைய ரயர்களை வாங்கி விற்கும் வாணிபமே அதனைக் கடல் கடத்தியது என்பது ஆய்வாளர் முடிவு. 1990 ஆம் ஆண்டில் இத்தாலிக்கும் அது அவ்வாறே சென்றது. எங்கள் நாட்டில் நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருத்தல் 2007 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் தண்டனைக்குரிய குற்றம். என் மாணவர் என்மீது வழக்குத் தொடரவில்லை. தொடர்ந்திருந்தால் அவரிடம் பிழை கண்டிருக்கமாட்டேன்.

இனி, ரயர் என்பது யாது என்று பார்ப்போம். அதன் கதையில் இலங்கைக்கு ஒரு பங்கு உண்டு. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை மிகச் சில. முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் அவ்வாறு வேரூன்றின. 1952 ஆம் ஆண்டில் நாம் சீனத்துக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் செய்ததையும், 1960களில் சோவியத் நாட்டின் உதவியோடு களனியில் ரயர்த் தொழிற்சாலை எழுந்ததையும் மூத்த நேயர்கள் அறிவர்.

ஆயின், மரத்திலிருந்து வடியும் பால் தானாக ரயர் ஆகிவிடாது. பச்சை இறப்பர் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்து உடையும். 1839 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்குமென்று கண்டார். வல்கனைசுப்படுத்தல் என்று அதனைக் கூறுவர். இறப்பரின் மூலக்கூறுகள் நீண்ட நூல்கள் போன்றவை. சூட்டிலே கந்தகம் ஒரு நூலை மற்றொன்றோடு ஆங்காங்கே முடிச்சிட்டு வலையாக்குகிறது. அதன்பின் இழுத்தாலும் வலை தன் வடிவுக்கு மீளும். இத்தோடு கந்தகமல்லாத வேறொன்றும் வேண்டும்: காபன் கரித்தூள். ரயர் கறுப்பாயிருப்பது அழுக்கு மறைப்பதற்கு அன்று. அக்கரித்தூள் இல்லாவிட்டால் அது சில ஆயிரம் மைல்களிலே தேய்ந்து தீர்ந்துவிடும். பின்னர் நைலோன் அல்லது பொலியெஸ்தர் நூல், உருக்குக் கம்பி, செயற்கை இறப்பர், வெயிலைத் தாங்கும் மருந்துகள் என்று பல பொருள்கள் ஒன்றாக அவிந்து ஒட்டிக்கொள்கின்றன.

தொல்லை இங்கேதான் பிறக்கிறது. மெழுகை உருக்கி மீண்டும் மெழுகாக்கலாம். பழைய இரும்பை உருக்கிப் புதிய இரும்பாக்கலாம். வல்கனைசுப்பட்ட இறப்பரோ சூளையில் வெந்த பானையை ஒத்தது. உடைந்த பானையை நீரிற் கரைத்து மீண்டும் களிமண்ணாக்கும் குயவர் உலகில் இல்லை. ரயரைச் சூடாக்கினால் அது உருகுவதில்லை, எரிகிறது. உறுதியாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அதனை அவ்வாறு ஆக்கினோம். அந்த உறுதியே, அதன் வேலை முடிந்தபின் நமக்குப் பகையாகிறது.

உலகில் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ நூறு கோடி ரயர்கள் பயன்பாடு முடிந்து கழிகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இவற்றை என்ன செய்வதென்று அறியாது செல்வந்த நாடுகள் செய்த தவறுகள் பல. மண்ணிற் புதைத்தார்கள்; உள்ளே வளி தங்கியதால், இறந்தவர் எழுந்து வருவது போல அவை மெல்ல மேலே வந்தன. மலைபோலக் குவித்தார்கள், குவியலில் தீப்பிடித்தது. கனடாவின் ஹேகர்ஸ்வில் என்னும் ஊரில் 1990 ஆம் ஆண்டு ஒரு கோடிக்கு மேற்பட்ட ரயர்கள் பதினேழு நாட்கள் எரிந்தன. வேல்ஸ் நாட்டில் 1989 இல் பற்றிய ஒரு குவியல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக உள்ளே கனன்றுகொண்டிருந்தது. ரயர்த் தீயை நீரூற்றி அணைப்பது அரிது. எரியும்போது உருகி வடியும் எண்ணெய் அந்நீரோடு கலந்து நிலத்தடிக்கும் ஆற்றுக்கும் இறங்குகிறது. கிணற்று நீரை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தாருக்கு இதன் பொருளை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே மேலே ஊற்றியது கீழே குடிநீரில் வந்து சேரும். இந்நாட்டில் வீதி நடுவே ரயர் எரிப்பது ஆர்ப்பாட்டத்தின் அடையாளமாகவும், அதனிலும் கொடிய செயல்களின் அடையாளமாகவும் இருந்த ஆண்டுகள் உண்டு. அவற்றை இங்கே நான் பேசப்போவதில்லை. அந்தக் கரும்புகையை ஒரு முறை மணந்தவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள்.

கடலையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் புளோரிடாக் கரைக்கப்பால், 1970களின் தொடக்கத்தில், மீன்களுக்கு வீடு அமைப்பதாகச் சொல்லி இருபது இலட்சம் வரையான ரயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். கட்டுகள் அறுந்தன, ரயர்கள் அலையில் உருண்டு, அருகிலிருந்த உண்மையான பவளப்பாறைகளை மோதி அழித்தன. பின்னர் 2007 ஆம் ஆண்டு முதல் கடற்படைச் சுழியோடிகளை இறக்கி அவற்றை மேலே எடுக்கவேண்டியதாயிற்று. 'மீண்டும் பயன்படுத்துகிறோம்' என்ற சொல்லே ஒரு செயலை நற்செயலாக்கிவிடாது. எனக்கும் மாமரத்தடியில் அதே பாடம்தானே!

தட்டுப்பாடு வந்தபோது மட்டும் மனிதர் வேறுவிதமாக நடந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில், 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் மலாயாவின் இறப்பர் முழுவதும் யப்பானியர் வசமாயிற்று. நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் கொடுக்க எஞ்சிய பெரிய இடம் இலங்கையே. இங்கே மரங்களின் பிற்கால வாழ்வைப் பாராமல், ஒட்டப் பால் வெட்டி எடுக்கும்படி தோட்டங்கள் பணிக்கப்பட்டன. அதே ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வானொலியிற் பேசி, பழைய இறப்பர்ப் பொருள்களைப் பெற்றோல் நிலையங்களிலே ஒப்படைக்குமாறு மக்களைக் கேட்டார். இறாத்தலுக்கு ஒரு சதம் விலை. ஒரு மாதத்துக்குட்பட்ட காலத்தில் ஏறத்தாழ நான்கரை இலட்சம் தொன் சேர்ந்தது. ரயரும் வந்தது, மழைச் சப்பாத்தும் வந்தது, தோட்டத்து நீர்க்குழாயும் வந்தது. இல்லாமை வந்ததும், நேற்றைய குப்பை இன்றைய பண்டமாயிற்று. போர் முடிந்து செயற்கை இறப்பர் மலிந்ததும், அதே பண்டம் திரும்பவும் குப்பையாயிற்று.

இப்போது பொருளியலறிஞர் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று ஒன்றைப் பேசுகிறார்கள். எடுத்தல், செய்தல், எறிதல் என்று நேர்கோட்டில் ஓடும் வாழ்க்கையை வளைத்து, முடிவைத் தொடக்கத்தோடு பொருத்துவது அதன் கருத்து. சொல் புதிது, சாணம் எருவாகிப் பயிராகி மீண்டும் மாட்டுக்கு வைக்கோலாவதைக் கண்டு வளர்ந்த நமக்குப் பொருள் புதிதன்று. வேறுபாடு என்னவென்றால், வைக்கோல் தானாகச் சுழலும். ரயரை யாராவது சுழற்றவேண்டும்.

எங்ஙனம் சுழற்றுவது? இதற்கு விடை தேடி, என் உழவு இயந்திரப் பெட்டியின் இரண்டு ரயர்களையும் ஏற்றிக்கொண்டு, தெற்கே ஒரு நகரிலுள்ள பட்டறைக்குச் சென்றேன். ரயரின் தேய்ந்த மேற்படையை அகற்றிப் புதுப்படை இடும் பட்டறை அது. ஆங்கிலத்தில் 'ரீட்ரெட்' என்பர். இத்துறையிற் கண்ட யாவற்றிலும் என் மனத்தை அதிகம் கவர்ந்தது அவ்விடமே; ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு லொறி ரயர் முழுதும் தேய்ந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது, உண்மையில் தேய்ந்து போனது அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். நூலும் கம்பியும் பக்கச்சுவரும் சேர்ந்த உடல் நல்ல நிலையிலே இருக்கக்கூடும். சட்டையின் கழுத்துப்பட்டி நைந்துவிட்டதென்று முழுச் சட்டையையும் எறிவோமா? பட்டறையில் முதலில் ஒருவர் ரயரை விளக்கொளியில் மெல்லச் சுழற்றி, உள்ளும் புறமும் கையாலே தடவிப் பார்க்கிறார். ஆணித் துளை, வெட்டு, உப்பல், நூல் பிரிவு எல்லாவற்றையும் வெண்கட்டியாற் குறிக்கிறார். தேறாதது அங்கேயே ஒதுக்கப்படும். தேறியதை இயந்திரத்திற் பூட்டி எஞ்சிய மேற்படையைச் சுரண்டுகிறார்கள்; கறுத்த உமி போலத் தூள் பறக்கிறது. காயங்களைத் துப்புரவாக்கி நிரப்பி, பசை பூசி, மெல்லிய பச்சை இறப்பர்த் தாளொன்றைச் சுற்றி, அதன்மேல் ஏற்கெனவே கோலம் பதித்து வார்த்த புதுப் பட்டியை ஒட்டுகிறார்கள். பிறகு இறப்பர் உறையொன்றால் மூடி, பெரிய இரும்புக் கலத்துள் அடுக்கி, நீரின் கொதிநிலையை அண்டிய சூட்டில், அழுத்தத்தில், சில மணி நேரம் அவிக்கிறார்கள். நடுவேயுள்ள பச்சைத் தாள் அந்தச் சூட்டில் வல்கனைசுப்பட்டு, பழையதையும் புதியதையும் பிரிக்கமுடியாதபடி இணைக்கிறது. குட்இயர் கண்ட அதே முடிச்சு, இம்முறை நமக்குத் துணையாக.

புதிதாக ஒரு லொறி ரயர் செய்யச் செலவாகும் எண்ணெயில் மூன்றிலொரு பங்கு போதும் இவ்வாறு புதுப்பிக்க. விலையும் புதியதன் பாதியளவிலே நிற்கும். இவை ஓடும்போது உரிந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆகாய விமானங்களின் சக்கரங்களில் இருக்கும் ரயர்கள் பல முறை இவ்வாறே புதுப்பிக்கப்பட்டவை. வீதியோரத்தில் உரிந்து கிடக்கும் பட்டிகளிற் பல, காற்றுக் குறைந்து சூடேறிச் செத்தவை. அவற்றுட் புதிய ரயர்களின் துண்டுகளும் உண்டு. பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்த முதியவர் இதையே தமது பாணியிற் சொன்னார்: "ரயர் தேய்ஞ்சு சாகிறதில்லை ஐயா. காத்துக் குறைஞ்சுதான் சாகுது." காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது, சூடேறுகிறது, உள்ளே நூல் பிரிகிறது. அத்தகைய உடலுக்குப் புதுப் படை இட்டுப் பயனில்லை. மாதம் ஒரு முறை காற்றை அளந்து பார்க்கும் சாரதி, மீள்சுழற்சி என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதிலே முதற் படியைச் செய்துவிடுகிறார்.

என் இரண்டு ரயர்களின் கதி என்னவென்று கேட்பீர்கள். முதியவர் பக்கச்சுவரை விரலால் மடித்துக் காட்டினார். வரட்சியில் வெடித்த வயல்போல நுண்ணிய வெடிப்புகள். "எத்தனை வருஷம் வெயிலுக்கை கிடந்தது?" என்று கேட்டார். ஏழு வருடம் என்றேன். கழற்றிய உடனே கொண்டுவந்திருந்தால் இரண்டும் தேறியிருக்கும் என்றார். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அவற்றைத் தின்றுவிட்டன. ஆக, நான் சேமித்ததாக எண்ணிய ஏழு வருடங்களும் அழித்துக்கொண்டிருந்த ஏழு வருடங்களே. எடுத்து வைத்தலும் சுழலவிடுதலும் ஒன்றென்று எண்ணியது என் பிழை.

தேறாத ரயருக்கு வேறு வழிகள் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். துருவித் தூளாக்கலாம், திரவ நைதரசனில் உறைய வைத்தால் கண்ணாடிபோல நொறுங்கும். அத்தூளைத் தாரோடு கலந்து வீதியிடும் முறையை 1960களில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்துப் பொறியியலாளர் சார்ள்ஸ் மக்டொனால்ட் உருவாக்கினார். வெம்மை மிகுந்த அந்நகரில் அவ்வீதிகள் நன்றாக நின்றன. விளையாட்டுத் திடலில் இட்டால் பிள்ளைகள் விழுந்தால் நோகாது. எனினும் தூள் மழைநீரோடு எங்கே போகிறது என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. ரயர் வெடிக்காதிருக்கச் சேர்க்கும் மருந்தொன்று ஓசோனோடு சேர்ந்து மாற்றமடைந்து, அமெரிக்காவின் வடமேற்கு ஓடைகளில் ஒரு வகைச் சமன் மீன்களைக் கொல்கிறது என 2020 ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டனர். ஐரோப்பிய ஒன்றியம் செயற்கைப் புற்றிடல்களில் இத்தூளை நிரப்புவதைப் படிப்படியாக நிறுத்த 2023 இல் விதி செய்தது.

சூட்டினாலும் இரசாயனத்தாலும் கந்தக முடிச்சுகளை ஓரளவு அவிழ்த்து, 'மீட்ட இறப்பர்' ஆக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. வலு குறைந்ததாயினும், பாய்க்கும் செருப்புக்கும், காற்றில்லாத திண்ம ரயர்களின் உட்பகுதிக்கும் அது ஏற்கும். பாரந்தூக்கி வண்டிகளுக்குரிய திண்ம ரயர் செய்வதில் இலங்கை உலகில் முன்னணியில் நிற்கும் நாடு என்பதால், இவ்வழி நமக்கு அந்நியமன்று. வளியில்லாத கலத்திற் சூடேற்றி எண்ணெயும் கரியும் எடுப்பதைச் சிலர் பெரும் புதுமையெனப் புகழ்கிறார்கள். ஒழுங்காகச் செய்யும் ஆலைக்கும், கொல்லையிலே ஒரு தகரப் பீப்பாயை வைத்துச் செய்யும் ஆலைக்கும் உள்ள தூரம் பெரிது. இரண்டாவது வகையின் அயலில் குடியிருக்க நான் விரும்பமாட்டேன்.

கடைசி வழி சீமெந்துச் சூளை. சுடர் 2,000 பாகை செல்சியசை அண்டும் அந்தச் சூட்டில் நச்சுப் புகை மிஞ்சுவது மிகக் குறைவு. ரயரின் வெப்பம் நிலக்கரிக்குக் குறைந்ததன்று. உள்ளிருக்கும் உருக்குக் கம்பியும் வீணாகாது, சீமெந்துக்கு வேண்டிய இரும்பாகிவிடும். புத்தளத்துச் சூளையில் கழிவுப் பொருள்களை நிலக்கரியோடு சேர்த்து எரிக்கும் வேலை நடந்திருக்கிறது. இது சுழற்சியா என்று கேட்டால், அரைச் சுழற்சி என்பேன். எரிந்த பின் இறப்பர் இல்லை. ஆனால் நுளம்பும் இல்லை.

வழிகள் இத்தனை இருந்தும் என் மாமரத்தடியில் ரயர் ஏன் கிடந்தது? அதை எடுத்துச் செல்ல எவரும் வரவில்லை. நானும் எவரிடம் கொடுப்பதென்று அறியவில்லை. என் அறிவுக்கு எட்டியவரை சிக்கலின் நடுமுடிச்சு இதுவே, இரசாயனம் அன்று. ஐரோப்பாவில் 2003 ஆம் ஆண்டு முதல் முழு ரயரைக் குப்பைமேட்டிற் புதைப்பதைத் தடைசெய்தார்கள். அங்கே பல நாடுகளில் ரயரை விற்றவரே அதன் முடிவுக்கும் பொறுப்பாளி. இந்தியாவும் 2022 ஆம் ஆண்டில் அத்தகைய விதியைக் கொண்டுவந்தது. புதிய ரயரின் விலையிலே பழைய ரயரை மீட்கும் கூலி அடங்கியிருந்தால், கடைக்காரர் அதைத் திருப்பி வாங்குவார்; வாங்கியதைப் பட்டறைக்கோ சூளைக்கோ அனுப்புவார். விலை சற்றுக் கூடும் என்பது உண்மை. 2022 இல் டொலர் வற்றி, ரயருக்கு நாம் கொடுத்த விலையையும் அலைந்த அலைச்சலையும் நினைப்பவர்கள், உள்நாட்டிலே ஓர் உடலை இரண்டு முறை ஓடவிடுவதன் மதிப்பை அறிவார்கள். கூலி கொடுக்காத இடத்தில் அதே விலையை ஆஸ்பத்திரியில் வேறொருவர் கொடுக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழைய நாளில் செருப்புத் தைப்பவர் ஒரு கத்தியால் ரயரை வெட்டினார். உள்ளே நூல் மாத்திரம் இருந்தது. இப்போதைய கார் ரயரின் மேற்படையின் கீழே உருக்குக் கம்பி வலை கிடக்கிறது. கத்தி ஏறாது. என் கார் ரயர் ஒன்றைச் சந்தையடியில் உள்ளவரிடம் கொண்டு சென்றபோது அவர் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். ரயர் நீடித்து ஓடத் தொடங்கிய நாளிலே, அதைக் கையால் சுழற்றிய ஏழைத் தொழிலாளியின் பிழைப்பு நின்றுவிட்டது. நம் பாட்டனார் காலத்துச் சிக்கனத்துக்குத் திரும்பினாற் போதும் என்று மேடையிற் பேசுவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

என்னுடைய ஆறு ரயர்களின் கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். பெட்டி ரயர் இரண்டும் அந்தப் பட்டறையிலேயே தங்கிவிட்டன. மீட்ட இறப்பருக்காக வாங்குபவர் வரும்போது கொடுப்பதாகச் சொன்னார்கள். கார் ரயர்களில் இரண்டை, எங்கள் இறங்குதுறையில் வள்ளங்கள் கல்லணையில் மோதாதிருக்கக் கட்டுவதற்கென்று மீனவர்கள் கேட்டு எடுத்தார்கள். அடிப்புறம் துளையிட்டே கொடுத்தேன். மூன்றாவதில் எட்டுத் துளைகள் போட்டு மாமரக் கிளையில் ஊஞ்சலாகக் கட்டியிருக்கிறேன். பேரன் ஆடுகிறான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதனுள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டே அவனை ஏறவிடுகிறேன். நான்காவது ரயர் விறகுக் கொட்டிலில், கூரையின் கீழ், நீர் படாமல் சாய்ந்து நிற்கிறது. அதை எடுக்க இன்னும் ஒருவரும் வரவில்லை.